எட்டாம் நம்பர் வீட்டுக் காது

ஆவாரம்பாளையத்துக்குப் பின்னால் எங்கள் லைனில் பத்து வீடு, முப்பத்தொன்பது பேர், எழுபத்தெட்டுக் காது. அதில் ஒன்றைக்கூட வர்ணிகா விட்டுவைக்கவில்லை.

ஆறாம் நம்பர் கலாமணியின் மகள் அவள். பிளஸ் டூவில் நல்ல மார்க். கலாமணி நர்ஸிங் சேர்க்க ஆசைப்பட்டாள். இவள் போய் பேச்சும் கேட்பியலும் என்று ஒரு பட்டப்படிப்பில் சேர்ந்துவிட்டு வந்தாள். லைனில் ஒரு வாரம் அதுதான் பேச்சு. பேச்சுக்கு யார் காரணம் என்று கேட்காதீர்கள்.

"பேசறதுக்கும் கேக்கறதுக்கும் நாலு வருஷமா அம்மணி? எங்கிட்ட அனுப்பியிருந்தா நாலே நாள்ல பட்டம் குடுத்திருப்பேனே" என்றேன்.

"உங்ககிட்ட வந்தா பேச்சு மட்டுந்தாங்கத்த பாஸாகும்" என்றாள்.

வாய் கொஞ்சம் அதிகம். ஆனால் வேலையில் நேர்மை. யார் யாருக்கு எத்தனை நிமிஷம் காது பார்த்தார்கள் என்று அந்தப் பிள்ளைகள் லாக் புக்கில் எழுதி, பார்த்தவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். படிப்பு முடிவதற்குள் இத்தனை நூறு மணி நேரம் சேர்த்தால்தான் பரீட்சைக்கே விடுவார்களாம். மற்றதுகள் ஐந்து நிமிஷத்தை அரை மணி என்று எழுதும். இவள் அரை நிமிஷம் கூட்டிப் போடமாட்டாள். அதனால்தான் எழுபத்தெட்டுக் காது தேவைப்பட்டது.

காது பார்க்க நிசப்தம் வேண்டும். எங்கள் பக்கம் அது மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டு வரைதான் கிடைக்கும். லைனுக்குப் பின்னால் மோட்டாருக்குத் தகடு அடிக்கும் பவர் பிரஸ் பட்டறை. அவர்கள் சாப்பிட உட்காரும்போதுதான் எங்கள் சுவர்கள் மூச்சு விடும்.

மூன்றாம் வருஷம் ஒரு மத்தியானம், புதிய கருவி ஒன்றை என் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். என் வீடு எட்டாம் நம்பர். காதில் ஒரு சின்ன ரப்பர் முனையை வைத்தாள்.

"அத்த, காது கேக்க மட்டும் செய்யறதில்லீங்க. அதுவும் சத்தம் போடும்."

"என்ற காதா?"

"எல்லார் காதுந்தான். உள்ள நத்தைக்கூடு மாதிரி ஒண்ணு இருக்குது. அதுக்குள்ள முடியாட்டம் சின்னச் சின்ன செல்லுங்க. சத்தம் வந்தா ஆடும். ஆடிட்டு, அதுகளே குட்டியா ஒரு சத்தத்தத் திருப்பி அனுப்பும். பொறந்த குழந்தைக்கெல்லாம் இத வெச்சுத்தான் காது கேக்குதான்னு பாப்பாங்க. அது பழசு."

"புதுசு எது?"

"எப்படி எப்படி ஆடுச்சோ அந்தப் பழக்கம் அதுல நின்னுருதாமுங்க. மெல்லத் தட்டிக் குடுத்தா, கேட்டதத் திருப்பிச் சொல்லுது. சும்மா காதுல விழுந்தது ஒரு வாரத்துல அழிஞ்சுரும். உத்துக் கேட்டது அழியாது."

அவள் லேப்டாப்பைத் தட்டினாள். கொஞ்சம் இரைச்சல். பிறகு கலாமணியின் குரல், ஆறாம் நம்பர் வாசலிலிருந்து கேட்டபடியே, தெளிவாக: "அந்த ருக்குமணி வந்தா எதையும் வாய் தொறந்து சொல்லிப்போடாத."

வர்ணிகாவின் முகம் சிவந்தது. அந்த ருக்குமணி நான்தான், எனக்கு ஒன்றும் புதிதில்லை. அதை நான் அன்றே உத்துக் கேட்டவள்.

மறுவாரம் என்னைக் கல்லூரிக்கே அழைத்துப்போனாள். அவளுடைய பேராசிரியை கிருத்திகா மேடம் இரண்டு மணி நேரம் என் காதைத் தட்டித் தட்டிக் கேட்டார். மற்றவர்கள் காதில் பெரும்பாலும் குப்பைதான் இருக்கிறது, உங்கள் காதில் வாக்கியம் வாக்கியமாக இருக்கிறது என்று வியந்து, ஒரு சான்றிதழும் கொடுத்தார். ஐம்பத்தொரு வயதில் எனக்குக் கிடைத்த முதல் பரிசு. டிவிக்கு மேலே மாட்டினேன். பால் பூத்தில் சொன்னேன். ரேஷன் கடையில் சொன்னேன். என் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டு இருபது வருஷம் ஆன என் வீட்டுக்காரரிடமும் சொன்னேன்.

ஏழாம் நம்பர் தனபாலிடமும் சொன்னேன்.

தனபால் போர்வெல் வண்டிக்கு ஏஜென்ட். வயது முப்பத்தைந்து. குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. பைக்கைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்போ உங்க காது சிசிடிவி கேமராவாட்டங்களாக்கா?"

"கேமராவுல பேச்சு விழுகாதே தனபாலு. இது அதுக்கும் மேல" என்றேன். அப்படி ஒரு பெருமை எனக்கு.

அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் அவர், அவர் மனைவி சுகந்தி, நாலு வயசுக் குழந்தை தியா. அந்த வீட்டில் டிவி சத்தம் திடீரென்று கூடும். கூடினால் சுகந்தியை மறுநாள் வெளியே பார்க்க முடியாது. மூன்று வருஷமாக எனக்குத் தெரியும். லைனில் யார் வீட்டு சாம்பார் அடிப்பிடித்தாலும் ஊருக்குச் சொன்ன நான், அதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டியதே அதைத்தான்.

சான்றிதழ் மாட்டி மூன்றாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் சுகந்தி போனில் பேசினாள். மிக மெல்லிய குரல். நான் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுச் சுவரில் காதை வைத்தேன். கல்லில் தோசை கருகியது. என் ஜென்மத்தில் அவ்வளவு உத்து எதையும் கேட்டதில்லை. ஊர்ப் பெயர். தெரு. யார் வீடு. குழந்தையைச் சேர்க்கப்போகும் பள்ளிக்கூடம்.

ஒரு மணி நேரம் கழித்து அவள் ஒரே ஒரு பையோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஜன்னலில் நான். ஜன்னலில் நான் இல்லாத நேரம் ஏது. அவள் ஒரு கணம் நின்றாள்.

"கடைக்குப் போயிட்டு வந்தர்றேங்க்கா."

"பாத்துப் போ கண்ணு" என்றேன்.

அந்த ஊர்ப் பெயரை இங்கேயும் எழுதப்போவதில்லை.

ஐந்தாம் நாள் தனபால் வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காபி வாங்கிக் குடித்தார்.

"சுகந்திய நான் ஒண்ணும் பண்ணப்போறதில்லீங்க்கா. குழந்தையப் பாக்கோணும். அவ்வளவுதான்."

"எனக்கென்னங்க தெரியும்?"

"உங்களுக்குத் தெரியாம இருக்கலாமுங்க. உங்க காதுக்குத் தெரியுமே. நீங்கதானே சொன்னீங்க."

சிரித்தார். பிறகு எழுந்துபோய் டம்ளரை அவரே கழுவி, துளித் தண்ணீர் சிந்தாமல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அந்த டம்ளரை இரண்டு நாள் நான் தொடவில்லை.

அதற்குள் ஊரே மாறிக்கொண்டிருந்தது. கேட்டதைத் திருப்பிச் சொல்லும் கருவி கோர்ட்டுக்குள் வந்துவிட்டது என்று செய்தி. பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தோடு காது ரிப்போர்ட்டும் கேட்கிறார்கள் என்றார்கள். மில்லில் சங்கத்துப் பேச்சு யார் காதில் இருக்கிறதென்று பார்த்து ஆளை வேலையிலிருந்து நிறுத்தினார்களாம். எங்கள் லைனில் குழாயடியில் நான் போய் நின்றால் குடம் நிறைகிற சத்தம் மட்டும்தான். இவ்வளவு நாள் என்னைப் பார்த்து வாயை மூடினார்கள். இப்போது ஒருவரை ஒருவர் பார்த்து மூடினார்கள். என் காதை நானே நினைத்துப் பயந்தேன். பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என்ன பிரயோஜனம், விஷயம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

பதினைந்தாம் நாள் கோர்ட் அமீனா வந்து காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். குழந்தையைக் கண்டுபிடித்துத் தரக் கேட்டு தனபால் வழக்குப் போட்டிருந்தார். அடுத்த வியாழக்கிழமை, வர்ணிகாவின் கல்லூரியில், எட்டாம் நம்பர் ருக்குமணியின் இரண்டு காதும் சோதிக்கப்பட வேண்டும்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு வர்ணிகாவிடம் ஓடினேன். சுவரில் கேட்டதை எல்லாம் சொல்லாமல், இருக்கிறது என்பதை மட்டும் சொன்னேன்.

"வரமாட்டேன்னு சொன்னா?"

"மறைக்கிறீங்கன்னு ஆயிருமுங்க. அப்புறம் போலீஸ் கூட்டிட்டுப் போய் எடுப்பாங்க." நகத்தைக் கடித்தாள். "மொதல்ல இருக்குதான்னு பாத்தரலாம். அழிஞ்சுகூடப் போயிருக்கலாமில்லீங்களா."

ஒரு மணிக்குப் பட்டறை நின்றதும் முனையை என் காதில் வைத்தாள். சத்தம் வெளியே போகக் கூடாதென்று ஹெட்போனைத் தன் காதில் மாட்டிக்கொண்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூஞ்சியில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"இருக்குதுங்கத்த" என்றாள். "பள்ளிக்கூடத்துப் பேரு வரைக்கும் இருக்குது."

ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். பழக்கதோஷம், லாக் புக்கை எடுத்து எழுதி நீட்டினாள். நானும் பழக்கதோஷத்தில் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு மணிக்குப் பட்டறை மறுபடி அடிக்க ஆரம்பித்தது. அவள் பட்டறைப் பக்கச் சுவரைப் பார்த்தாள்.

"அத்த, பெரிய சத்தத்துல ரொம்ப நேரம் இருந்தா காது களைச்சுப்போயிரும். அந்தச் செல்லெல்லாம் சாஞ்சுக்கும். அப்போ தட்டுனா திருப்பி ஒண்ணும் வராது."

"கேக்கவும் கேக்காதா?"

"ரெண்டு நாளைக்குப் பஞ்சு அடச்ச மாதிரி இருக்கும். அப்புறம் திரும்பிரும்." லாக் புக்கை மூடினாள். "திரும்போணும்."

"என்ன அம்மணி, டாக்டரம்மாவாட்டம் தைரியமாச் சொல்லு."

"நான் இதச் சொல்லவே கூடாதுங்க. மொத வருஷம் மொதப் பாடமே இதுக்கு நேர் எதிரு." அழுதுகொண்டே நோட்டின் பின்பக்கம் என் வயசு, பிரஸ்ஸின் சத்தம், எத்தனை மணி என்று என்னவோ போட்டுப் பார்த்தாள். "நாலு மணி நேரம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கூடாது."

புதன்கிழமை பட்டறையில் தகடு அடுக்கும் வேலை கேட்டுப் போனேன். மேஸ்திரி சிரித்தான்.

"ஏனுங்க்கா, லைன்ல பேசறதுக்கு ஆள் கெடைக்கலீங்களா?"

பிரஸ்ஸுக்கு இரண்டடியில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். பட்டறை கேட்டுக்கு வெளியே வர்ணிகா, காதில் ஆரஞ்சு நிற மூடி, கையில் போனில் மணி. ஒவ்வொரு அடியும் பல்லில் இறங்கியது. முதல் மணி நேரம் ஓடிவிடலாமா என்றிருந்தது. மூன்றாம் மணி நேரத்தில் பிரஸ் அடிப்பது தெரிந்தது, சத்தம் அடுத்த தெருவிலிருந்து வந்தது. அதுதான் அதிகமாகப் பயமுறுத்தியது.

வியாழக்கிழமை கல்லூரிக்குப் போனால், தனபாலின் வக்கீல் வரவில்லை. பன்னிரண்டு நாள் தள்ளி வாய்தா.

சனிக்கிழமை காலை எனக்குக் காது திரும்பி வந்தது. முதலில் கேட்டது கலாமணி வீட்டுக் குக்கர் விசில். அந்த விசிலைக் கேட்டு நான் அழுதேன் என்று சொன்னால் கலாமணி நம்பமாட்டாள். அழுது முடித்த பிறகுதான் உறைத்தது. காது திரும்பியதென்றால் அந்த ஊர்ப் பெயரும் திரும்பிவிட்டது.

"இன்னொரு தடவை கூடாதுங்கத்த" என்றாள் வர்ணிகா. "உங்க வயசுக்கு ரெண்டாந்தடவை போனா திரும்பி வராது. வேற வழி பாக்கலாம். நான் விடமாட்டேன்."

"செரி கண்ணு, போகல" என்றேன்.

பொய்யில் எனக்கு ஓரளவு பயிற்சி உண்டு. மறுநாள் ஞாயிறு, பட்டறை லீவு. திங்கட்கிழமை அவள் காலேஜ் பஸ் ஏறியதும் போனேன். அதற்கடுத்த நாளும். ஞாயிறு நீங்கலாக ஏழு நாள். இந்த வாய்தா தள்ளிப்போனாலும் பரவாயில்லை என்கிற அளவுக்கு ஒரேயடியாக முடித்துவிட வேண்டும் என்றிருந்தது. பெட்டியை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் தள்ளிப் போட்டுக்கொண்டேன். ஏழாம் நாள் மேஸ்திரி தோளைத் தட்டினான். நிமிர்ந்து பார்த்தேன். பிரஸ் நின்று எல்லோரும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். எப்போது நின்றதென்று எனக்குத் தெரியவில்லை.

சோதனை அன்று கிருத்திகா மேடம்தான் முனையை வைத்தார். வர்ணிகா மாணவி என்ற முறையில் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரையில் மேலும் கீழும் ஏதோ ஓட வேண்டும். ஒரு கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது. மேடம் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வர்ணிகாவைப் பார்த்தார். பிறகு எழுதினார். இரு காதிலும் மறுஒலி இல்லை.

வர்ணிகாவுக்கு அப்போதுதான் தெரிந்தது நான் என்ன செய்தேனென்று. அவள் வாய் அசைந்தது. என்னைத் திட்டினாளா என்னவோ. என் வாழ்நாளில் ஒருவர் என்னைப் பற்றிச் சொன்னது எனக்குக் கேட்காமல் போனது அதுதான் முதல் தடவை.

தனபால் அந்தக் காகிதத்தை நிதானமாகப் படித்தார். கோபப்படவில்லை. வக்கீலின் பக்கம் சாய்ந்து ஒரே ஒரு வரி சொன்னார். வக்கீல் மேடத்திடம் கேட்டார். மேடம் வர்ணிகாவைத் திரும்பிப் பார்த்தார்.

பஸ்ஸில் வர்ணிகா நோட்டை எடுத்து எழுதிக் காட்டினாள். 'இவங்களுக்கு முன்னாடி டெஸ்ட் எடுத்தது யாருன்னு கேட்டாருங்க. லாக் புக்கைக் கொண்டுவரச் சொல்லியிருக்காங்க.'

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. தேதி, இருபத்திரண்டு நிமிஷம், என் கையெழுத்து. வழக்குப் போட்ட பிறகு, ஒரு மத்தியானம், என் காதில் இருந்ததை ஹெட்போன் மாட்டிக்கொண்டு உத்துக் கேட்ட ஒருத்தி. என் காதில் அழிந்தது அவள் காதில் இருக்கிறது.

"அந்த ஒரு வரிய எழுதாம விட்டிருக்கலாமே" என்றேன். மெல்லத்தான் சொன்னேன் என்று நினைத்தேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

'மணி கொறையுமேன்னு எழுதிட்டேங்க' என்று எழுதினாள்.

பக்கத்தைக் கிழிக்க முடியாது. பக்கத்துக்கு நம்பர் உண்டு, காலேஜ் கம்ப்யூட்டரில் ஏற்றியும் ஆகிவிட்டது.

அமீனா மறுபடி வந்தார். இந்த முறை ஆறாம் நம்பர் வீட்டுக்கு. பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை. கலாமணி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காலேஜ் விஷயமாகச் சாட்சி கேட்கிறார்கள் என்று மகள் அவளிடம் சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. தனபால் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, கேட்காதென்று தெரிந்தும், வாயசைத்து என்னவோ விசாரித்தார்.

அன்றைக்கு வர்ணிகாவை என் வீட்டில் உட்காரவைத்துச் சொன்னேன்.

"இத பாரு அம்மணி. நான் பண்ணுன கூத்த நீ பண்ணப்படாது. எனக்குப் போனா ஊருக்கு நிம்மதி. உனக்கு இருபது வயசு. பேச்சு வராத குழந்தைக்கு நீ எதக் கேட்டு, எதத் திருத்துவே? காதுதான் உன்ற படிப்பே."

'அப்படியெல்லாம் பண்ணமாட்டேங்கத்த' என்று எழுதினாள். கீழே ஒரு கோடும் போட்டாள்.

யாரையும் நம்பாத நான் அதை நம்பினேன். பதினான்காம் தேதி வரை ஜன்னலை விட்டு நகரவில்லை. காலையில் காலேஜ் பஸ் ஏறினாள். சாயங்காலம் இறங்கினாள். பட்டறைப் பக்கம் அவள் போகவில்லை, நானே பார்த்தேன். ஆனால் கோவையில் எங்கள் பட்டறை ஒன்றுதானா இருக்கிறது என்று அப்போது எனக்கு யோசனை போகவில்லை.

பதினான்காம் தேதி மாலை நேராக என்னிடம்தான் வந்தாள். நோட்டில் எழுதினாள். 'முடிஞ்சுதுங்க. சுகந்திக்கா இருக்கற எடம் யாருக்கும் தெரியாது. இனி பயமில்ல.'

"எப்படி?"

'மெஷின் கோளாறு.'

நான் வேண்டாத சாமி இல்லை, ஏதோ ஒன்று கேட்டிருக்கிறது என்று நினைத்தேன். ஏழாம் நம்பர் வாசலில் தனபால் நாற்காலி போட்டு உட்கார்ந்து லைனில் போகிற வருகிற காதுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்.

மறுநாளிலிருந்து வர்ணிகா எனக்கு உதடு பார்த்துப் பேச்சைப் படிக்கக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தாள். அதுவும் அவர்கள் படிப்பில் உண்டாம். காலேஜுக்குப் போகலையா என்று கேட்டதற்கு, 'லீவு' என்று எழுதினாள். வாசலுக்கு முதுகைக் காட்டி, என் முகத்துக்கு நேராக உட்காருவாள். படத்துக்கும் மடத்துக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும், பேச்சு போகிற போக்கைப் பார்த்து எதுவென்று பிடிக்க வேண்டும் என்று எழுதிக் காட்டினாள். ஊர் வம்பெல்லாம் போகிற போக்கில் பிடித்த எனக்கு இது பிடிபடவே இல்லை. மூன்று நாளில் ஒரு வார்த்தைகூடச் சரியாக வரவில்லை.

நாலாம் நாள் கலாமணி என் வாசலில் வந்து நின்றாள். கையில் கரண்டி. வாயைத் திறந்தாள். கீழுதடு மேல்பல்லைத் தொட்டு விலகியது, நாக்கு நடுவில் ஒருமுறை எழும்பியது, கடைசியில் வாய் அகலமாகத் திறந்து நின்றது.

வர்ணிகா.

படித்துவிட்டேன். முழு வார்த்தை, யாரும் சொல்லித்தராமல். உன் அம்மா உன்னைக் கூப்பிடுகிறாள், பார், நான் படித்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கலாமணி மறுபடி கூப்பிட்டாள். மூன்றாம் தடவை கழுத்து நரம்பு புடைத்தது. எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

மூன்றடி தூரம்தான். வர்ணிகா திரும்பவில்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.